நிற்கும் மரத்தை நிறுத்தறிந்த வரலாறு

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, நெய்யாற்றின்கரை வட்டத்தில், பூவாற்றுக் கடற்கரைக்கு அணித்தாகக் காஞ்சிரங்குளம் என்றோர் ஊர் உண்டு. 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாளன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, பழைய திருவிதாங்கூரைச் சேர்ந்த தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்கள் அந்நாளைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் ஒரு வேலியின் இரு புறத்தும் வழங்குவதை இன்றும் கேட்கலாம். எல்லைக்கோடு ஊர்களைப் பிரித்ததே ஒழிய மரங்களைப் பிரிக்கவில்லை. வேலிக்கு இப்பால் அயினி என்றும் அப்பால் ஆஞ்ஞிலி என்றும் பெயர் பெறும் மரம் ஒன்றே. சொந்த மண்ணை விட்டு மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவருக்கு ஊர் நினைவு வரும்போது, கோயிலுக்கும் குளத்துக்கும் அடுத்தபடியாக நினைவில் எழுவது ஏதேனும் ஒரு மரமாகவே இருக்கும்.

காஞ்சிரங்குளம் என்ற பெயரைப் பிரித்தால் காஞ்சிரமும் குளமும் நிற்கின்றன. காஞ்சிரம் என்பது எட்டி மரம். அதன் இலை அகன்றது. பழம் பொன்னிறமாய்க் கண்ணைக் கவர்வது. உள்ளிருக்கும் விதையோ நஞ்சு. முறையறிந்த மருத்துவன் கையில் அவ்விதை மருந்தாகும். அறியாதவன் வாயில் உயிரைப் போக்கும். ஈகையில்லாதவன் செல்வத்துக்கு எட்டிப் பழத்தை உவமையாகக் கூறுவது தமிழ் வழக்கு. மாளிகைக்கு உத்தரமாகவும் மரக்கலத்துக்குப் பலகையாகவும் அதனை விரும்பித் தேடுவார் இல்லை. ஆதலால் காடுகளை அளந்தவர்களுடைய ஏடுகளில் காஞ்சிரத்துக்கு நெடுங்காலம் இடம் கிடைக்கவில்லை. இன்றோ அதற்கும் தேக்குக்குரிய அதே முறையில் எடை கணிக்கப்படுகிறது. இந்த மாற்றம் எவ்வாறு வந்தது, இதனால் நமக்கு ஆவது என்ன என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நெய்யாற்றின்கரையிலேயே நம் கதைக்குப் பொருத்தமான மற்றொரு மரமும் இருக்கிறது. அவ்வூர்க் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்திலுள்ள அம்மச்சிப் பிலாவுதான் அது. பிலாவு என்றால் பலா. 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மர், அரசுரிமைப் பூசலில் பகைவர் துரத்தி வந்தபோது, இப்பலாவின் அடிமரப் பொந்தினுள் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது செவிவழி வரலாறு. அதன் அடிமரம் இன்றும் போற்றிக் காக்கப்படுகிறது. மனிதன் ஒருவன் மறைந்து நிற்கும் அளவுக்கு உள்ளே வெறுமையாயிருந்த மரத்தை வெளியே நூல் பிடித்து அளந்தால் என்ன தெரியும்? பெரிய மரம் என்று தெரியும். உள்ளே கட்டை எவ்வளவு என்பது தெரியாது. நிற்கும் மரத்தின் எடையை அதை வீழ்த்தாமல் எப்படி அறிவது என்ற கேள்வியில் அடங்கியுள்ள இடர் முழுவதும் இந்தப் பொந்தில் இருக்கிறது. அரசனைக் காத்த பொந்து, அளப்பவனை ஏமாற்றும்.

பண்டைக் காலத்தில் இக்கேள்வி எழவே இல்லை. மரத்தை வெட்டிக் கிடத்திய பின்னரே அளந்தார்கள். தச்சன் கையில் கோல் இருந்தது. கோல் இருபத்துநான்கு விரலாகப் பகுக்கப்பட்டிருந்தது. நீளம், அகலம், கனம் ஆகிய மூன்றையும் கோலாலும் விரலாலும் அளந்து, கண்டி என்னும் கணக்கில் மரத்துக்கு விலை பேசினார்கள். அதுவும் எல்லா மரத்துக்கும் அன்று. தேக்கு, ஈட்டி, கருந்தாலி, சந்தனம் ஆகியவை திருவிதாங்கூரில் அரச மரங்கள் எனப்பட்டன. இங்கே அரச மரம் என்பது அரசுக்கு உரிய மரம் என்னும் பொருளது. அவை எவருடைய நிலத்தில் முளைத்தாலும் சர்க்காருக்கே உரியவை. குடியானவன் தன் தோட்டத்துத் தேக்கைத் தானே வெட்டினால் குற்றவாளியாவான். தன் தோட்டத்துக் காஞ்சிரத்தை வெட்டினால் கேட்பார் இல்லை. எந்த மரத்துக்கு விலை உண்டோ அந்த மரத்துக்கே கணக்கும் காவலும் உண்டு என்னும் நிலை அன்றே வேரூன்றிவிட்டது.

ஐரோப்பியர் வந்தபின் அது மேலும் இறுகியது. கப்பல் கட்டத் தேக்கு வேண்டியிருந்தது. மலபாரின் மலைச்சரிவுகளில் கைக்கெட்டிய தேக்கெல்லாம் வெட்டுண்டு கடலேறிய பிறகு, இனி மரம் எங்கே என்ற கவலை பிறந்தது. 1840களில் மலபார்க் கலெக்டராயிருந்த கனோலி, நிலம்பூரில் தேக்கை விதைத்து வளர்க்க ஏற்பாடு செய்தார். முதலில் விதை முளைக்கவில்லை. அப்பணியை மேற்கொண்ட சாத்து மேனன் என்பார் விடாமுயற்சியோடு நாற்றுகளை வளர்த்து வெற்றி கண்டார். கனோலித் தோட்டம் என்ற பெயரில் அப்பழைய தேக்குகளிற் சில இன்றும் அங்கே நிற்கின்றன. நட்ட மரம் எத்தனை ஆண்டில் எவ்வளவு கன அடி தரும் என்று முன்கூட்டியே அறிய வேண்டிய தேவை அப்போது உண்டாயிற்று. நிற்கும் மரத்தை மதிப்பிடும் கலைக்கு நம் நாட்டில் இது ஒரு தொடக்கம்.

மற்றொரு தொடக்கம் பர்மாவில் நிகழ்ந்தது. ஜெர்மானியத் தாவரநூல் அறிஞரான டீட்ரிக் பிராண்டிஸ் 1856இல் பெகுக் காடுகளின் பொறுப்பை ஏற்றார். எல்லையற்ற அக்காட்டில் எத்தனை தேக்கு இருக்கின்றன என்று ஒவ்வொன்றாக எண்ணுவது மனித முயற்சிக்கு அப்பாற்பட்டது. ஆகவே அவர் ஓர் உபாயம் கண்டார். யானைமீது அமர்ந்து காட்டை ஊடறுத்துச் செல்வார். கையில் சில மூங்கில் துண்டுகள். பருமன் வகுப்பு ஒன்றுக்கு ஒரு துண்டு. ஆறு அடிச் சுற்றளவும் அதற்கு மேலும் உள்ள தேக்கு முதல் வகுப்பு. அதனிற் சிறியவை அடுத்தடுத்த வகுப்புகள். வழியின் இருபுறமும் கண்ணுக்குத் தெரியும் தேக்கு ஒவ்வொன்றுக்கும் உரிய துண்டில் கத்தியால் ஒரு கீறல் இடுவார். மாலையில் கீறல்களை எண்ணினால் அந்தப் பட்டையில் நின்ற மரங்களின் தொகை கிடைக்கும். பட்டையின் பரப்பு தெரிந்தால் காடு முழுவதற்கும் கணக்கிடலாம். ஒரு பிடி சோற்றால் பானைச் சோற்றைப் பதம் பார்ப்பது போன்ற இந்த முறைதான், இன்றைய மாதிரிக் கணக்கெடுப்புகளுக்கெல்லாம் முன்னோடி. பிராண்டிஸ் 1864இல் இந்தியக் காடுகளின் முதல் தலைமை ஆய்வாளரானார். பின்னாளில் சென்னை மாகாணத்துக்கும் வந்து காடுகளைப் பார்வையிட்டார். 1882இல் சென்னை வனச் சட்டம் பிறந்தது.

எண்ணிக்கை கிடைத்தது, கன அளவு எப்படிக் கிடைக்கும்? அதற்கு இங்கிலாந்தின் மரவாணிகர் கையாண்ட காற்சுற்று முறையை நம் நாட்டிலும் கையாண்டார்கள். மரத்தின் நடுச் சுற்றளவில் காற்பங்கை எடுத்து, அதனை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். நான்கு அடிச் சுற்றளவும் இருபது அடி நீளமும் உள்ள மரத்துக்குக் காற்பங்கு ஒரு அடி. ஆகவே கன அளவு இருபது கன அடி. ஆனால் வட்டத்தின் பரப்பை முறையாகக் கணக்கிட்டால் உண்மை அளவு இருபத்தைந்தரைக் கன அடிக்கு அணித்தாக வரும். ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்டது எங்கே போயிற்று? மரத்தை அறுத்துச் சதுரிக்கும்போது வீணாகும் சிராய்க்கும் பட்டைக்கும் என்று அதனைத் தள்ளிவிட்டார்கள். வாங்குவோனுக்குப் பயன்படாத பகுதி மரமே அன்று என்பது அந்த வாய்பாட்டின் உட்பொருள். கிளை கணக்கில் இல்லை, இலை கணக்கில் இல்லை, பட்டையும் இல்லை.

இக்கூற்றால் அக்காலத்து வன அலுவலர்களை இகழ்வதாக எவரும் கொள்ள வேண்டா. அவர்களிற் பலர் காட்டை நேசித்தவர்கள், நுணுகிக் கற்றவர்கள். திருவிதாங்கூரின் வனப் பாதுகாவலராயிருந்த போர்டிலன், அந்நாட்டுக் காடுகளைப் பற்றி விரிவான அறிக்கை எழுதியதோடு, 1908இல் திருவிதாங்கூரின் காட்டு மரங்களைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். காம்பிள் என்னும் அறிஞர் 1881இல் வெளியிட்ட இந்திய மரங்கள் பற்றிய கையேட்டில், ஒவ்வொரு வகைக் கட்டையும் ஒரு கன அடிக்கு எத்தனை பவுண்டு நிறுக்கும் என்று குறித்து வைத்தார். வண்டிக்காரனுக்கும் தச்சனுக்கும் உதவுவதற்காகச் சேர்த்த அந்த எடைகள், பிற்காலத்தில் வேறொரு கணக்குக்கு அடிப்படையாகும் தன்மையன என்று அவர் எண்ணியிருக்கமாட்டார். 1906இல் தேராதூனில் வன ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. லாரி, சந்த் ராம் என்னும் இருவர் 1940இல் இந்தியா, பர்மா ஆகிய நாடுகளின் தேக்குத் தோட்டங்களுக்கு விளைவு அட்டவணை வெளியிட்டனர். தேக்கைப் பற்றிய அறிவு இவ்வாறு முழுமையை நோக்கி வளர்ந்தது. மற்ற மரங்கள் பலவும் ‘பலவகை மரம்’ என்ற ஒரே தலைப்பின்கீழ் ஒதுங்கிக் கிடந்தன.

அளவையின் நோக்கம் மாறியது இருபதாம் நூற்றாண்டில். உயிரினங்களின் ஓர் உறுப்பு வளரும் வேகத்துக்கும் முழு உடல் வளரும் வேகத்துக்கும் இடையே ஒரு நிலையான கணித உறவு இருப்பதை ஹக்ஸ்லி, டெய்சியே என்னும் இருவர் ஆராய்ந்து, 1936இல் அவ்வுறவுக்கு ஒரு பெயரும் சூட்டினர். நண்டின் கவ்வுகாலைப் பற்றி எழுந்த இவ்வாராய்ச்சி மரத்துக்கும் பொருந்துவதாயிற்று. அடிமரத்தின் விட்டம் தெரிந்தால், கிளையும் இலையும் உட்பட முழு மரத்தின் எடையையும் ஒருவாறு கூறிவிடலாம் அன்றோ? பசுந்தாவரம் ஆண்டுதோறும் எவ்வளவு பொருளை உண்டாக்குகிறது என்று அறிய 1964 முதல் 1974 வரை பல நாட்டு அறிஞர்கள் சேர்ந்து நடத்திய அனைத்துலக உயிரியல் திட்டம், இம்முறையை உலகெங்கும் பரப்பியது. நிலத்துக்கு மேலே நிற்கும் உயிர்ப்பொருள் அனைத்தையும், ஈரம் நீக்கிய உலர் எடையாகக் கூறுவது வழக்கமாயிற்று. இதனையே தமிழில் உயிர்த்திரள் என்கிறோம்.

இவ்வுறவைக் கண்டறியும் வேலை எளிதன்று. சற்றுக் கொடியதும் ஆகும். சிறிதும் நடுத்தரமும் பெரிதுமாகப் பல மரங்களைத் தேர்ந்தெடுத்து, நிற்கும்போதே விட்டமும் உயரமும் அளந்து கொள்ள வேண்டும். பின்னர் அவற்றை வெட்டி வீழ்த்த வேண்டும். அடிமரம், கவடு, சிறுகிளை, இலை எனப் பகுத்துக் காட்டிலேயே தராசில் நிறுத்தல் வேண்டும். ஈர மரத்தின் எடையில் பாதிக்கு அணித்தானது தண்ணீரே ஆதலால், ஒவ்வொரு பகுதியிலிருந்தும் சிறு துண்டுகளைக் கொண்டுவந்து, எடை இனிக் குறையாது என்னும் நிலை வரும்வரை உலர்த்தும் அடுப்பில் வைத்துக் காய்ச்ச வேண்டும். ஈர எடைக்கும் உலர் எடைக்கும் உள்ள விகிதம் அப்போது தெரியும். பெருமரம் ஒன்றை இவ்வாறு நிறுப்பதற்குப் பலருடைய உழைப்பு நாள்கணக்கில் வேண்டும். இப்படி வீழ்ந்த சில மரங்களே, வீழாமல் நிற்கும் பல்லாயிரம் மரங்களுக்காகச் சான்று பகர்கின்றன.

அகன்ற இலை மரங்களுக்கு இத்தொல்லை இரட்டிப்பாகும். இமயத்தின் தேவதாருவும் பைனும் போன்ற ஊசியிலை மரங்கள் பெரும்பாலும் ஒற்றைத் தண்டாய் நிமிர்ந்து கூம்பிச் செல்வன. நம் மாவும் பலாவும் மருதும் வேங்கையும் அப்படி அல்ல. சில முழம் உயர்ந்ததும் கவடு விட்டுப் பிரியும். ஒரு கிளை கிழக்கே நீண்டால் மற்றொன்று மேற்கே வளையும். முழுமரத்தின் எடையில் கணிசமான பங்கு கிளைகளிலேயே தங்கும். கட்டையின் செறிவும் இனத்துக்கு இனம் வேறுபடும். முருங்கையை விரலால் ஒடிக்கலாம். கருங்காலியில் கோடாரியும் மழுங்கும். சில மழைக்காட்டு மரங்கள் அடியிலே பலகை வேர் விட்டு நிற்கும். அங்கே நாடாவைச் சுற்றினால் பொய்யளவே கிடைக்கும். பலகை வேர் முடியும் இடத்துக்கு மேலேதான் அளக்க வேண்டும். சாதாரண மரத்துக்கு நெஞ்சளவு உயரம் என்று ஒன்றை வகுத்திருக்கிறார்கள். நம் நாட்டில் அது நான்கரை அடி, அதாவது 1.37 மீட்டர், பிற நாடுகள் பலவற்றில் 1.3 மீட்டர்.

இன்று பெரிதும் கையாளப்படும் வாய்பாடு ஒன்றை இங்கே எடுத்துக்காட்டுவது நலம். ஜெரோம் ஷாவ் என்னும் பிரெஞ்சு அறிஞரும் அவர் தோழர்களும், வெப்ப மண்டலத்தின் 58 இடங்களில் வெட்டி நிறுக்கப்பட்ட 4,004 மரங்களின் அளவுகளைத் தொகுத்து, 2014இல் இதனை வெளியிட்டனர். விட்டத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து அதனை அதனாலேயே பெருக்குக. மீட்டரில் எடுத்த உயரத்தால் பெருக்குக. கட்டையின் செறிவாலும் பெருக்குக. வந்த தொகையை 0.976 என்னும் அடுக்குக்கு உயர்த்தி, 0.0673 ஆல் பெருக்கினால் மரத்தின் உலர் எடை கிலோகிராமில் வரும்.

ஒரு மரத்தை வைத்துப் பார்ப்போம். நெஞ்சளவில் சுற்றளவு 126 சென்டிமீட்டர். ஆகவே விட்டம் 40 சென்டிமீட்டர். உயரம் 20 மீட்டர். செறிவு 0.6. கணக்கிட்டால் ஏறத்தாழ 1,020 கிலோகிராம் வருகிறது. ஒரு டன்னுக்குச் சிறிது கூடுதல். உலர்ந்த மரத்தில் நூற்றுக்கு 47 பங்கு கரி என்று கொள்வது வழக்கம் ஆதலால், இம்மரத்தில் அடங்கியது ஏறத்தாழ 480 கிலோகிராம் கரி. அதைச் சேர்க்க அது காற்றிலிருந்து உட்கொண்ட கரியமில வாயு 1,760 கிலோகிராம் அளவாகும். விட்டம் 80 சென்டிமீட்டரும் உயரம் 30 மீட்டரும் உள்ள மற்றொரு மரத்தைக் கணக்கிட்டால் எடை 5,860 கிலோகிராம் ஆகிறது. விட்டம் இரண்டு மடங்கும் உயரம் ஒன்றரை மடங்கும் ஆனபோது எடை ஏறத்தாழ ஆறு மடங்காயிற்று. ஒரு முதுமரத்தை வெட்டிவிட்டு அதற்கு ஈடாகப் பத்துக் கன்று நட்டோம் என்று கூறுவோருக்கு இக்கணக்கே விடை. கன்று முதுமரம் ஆக ஒரு மனிதப் பிறவியின் காலம் போதாது.

ஆனால் இக்கணக்கில் எத்தனை வழுக்கல் இருக்கிறது என்பதையும் மறத்தல் ஆகாது. விட்டத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டி அளந்துவிட்டால் எடை ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். செறிவை 0.6க்குப் பதிலாக 0.8 என்று கொண்டால், முதலில் கண்ட அதே மரம் 1,350 கிலோகிராம் ஆகிவிடும். பெயர் தெரியாத மரத்துக்குச் செறிவை எங்கிருந்து எடுப்பது? மரத்தின் ஊர்ப்பெயரை அறிந்த காணிக்காரரும், அதனைத் தாவரநூற் பெயரோடு பொருத்தத் தெரிந்த ஆராய்ச்சியாளரும், கட்டையின் எடையைக் குறித்துவைத்த பழைய கையேடும் அப்போது ஒருங்கே வேண்டியிருக்கிறது. அம்மச்சிப் பிலாவைப் போன்ற பொந்து மரத்துக்கோ வாய்பாடு கூறுவது முழுமரத்தின் எடையை. உள்ளிருக்கும் வெறுமை அதற்குத் தெரியாது.

காஞ்சிரங்குளத்தையும் பாறசாலையையும் சூழ்ந்த தோப்புகளுக்கு வந்தால் மற்றொரு சிக்கல். பனையும் தென்னையும் மற்ற மரங்களைப் போல ஆண்டுதோறும் பருப்பவை அல்ல. தண்டு ஒருமுறை உருவான பின்னர், உயரத்திலேயே பெரும்பாலும் வளரும். ஆகையால் அவற்றுக்கு விட்டத்தைவிட உயரமே கணக்குக்கு உதவும். வீட்டு வளவில் நிற்கும் அயினியும் மாவும் பூவரசும் தழைக்காகவும் விறகுக்காகவும் அடிக்கடி கிளை கழிக்கப்படுகின்றன. காட்டில் ஓங்கி வளர்ந்த மரத்துக்கு வகுத்த வாய்பாட்டை அவற்றுக்குப் பொருத்தினால், இல்லாத கிளைகளுக்கும் எடை ஏறிவிடும். அந்தந்த நிலத்து மரத்துக்கு அந்தந்த நிலத்திலேயே உறவு காணப்பட வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இங்கே ஓர் இக்கட்டு இருக்கிறது. 1980இல் இயற்றப்பட்ட வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் இயற்கைக் காடுகளில் வெட்டு பெரிதும் குறைந்தது, அது நன்மையே. ஆயினும் மரத்தை வெட்டாமல் வாய்பாடு பிறப்பதில்லை. ஆகவே நம் மலை மரங்களுக்குப் பிற நாட்டில் வீழ்ந்த மரங்களைக் கொண்டு எழுதிய வாய்பாட்டைக் கடன் வாங்கும் நிலை பல இடங்களில் நேர்கிறது. அமேசானில் வீழ்ந்த மரம் அகத்தியமலையின் மரத்துக்கு எவ்வளவு தூரம் சான்றாகும்? இப்போது சில இடங்களில் லேசர் ஒளிக்கதிரை மரத்தின்மீது நாற்புறமும் பாய்ச்சி, கிளைகளின் வடிவத்தைக் கணினியில் மீண்டும் அமைத்து, கோடாரி இன்றியே கன அளவை அறிகிறார்கள். அம்முறையும் கட்டையின் செறிவைக் கூறாது, பொந்தையும் காணாது.

நம் நாட்டில் நடந்த வேலைகளும் சிறியன அல்ல. எஸ். என். ராய், ஜே. பிராக்டர் என்னும் இருவர் கர்நாடகத்து மேற்குத் தொடர்ச்சி மலையில் நான்கு மழைக்காடுகளை ஆராய்ந்து, ஹெக்டேருக்கு ஏறத்தாழ 420 முதல் 650 டன் வரை உயிர்த்திரள் நிலத்துக்கு மேலே நிற்பதாக 1986இல் வெளியிட்டனர். ஹெக்டேர் என்பது இரண்டரை ஏக்கர் அளவு. நீலகிரியின் அடிவாரத்திலுள்ள முதுமலையில் 1988இல் இந்திய அறிவியல் கழகத்தார் ஐம்பது ஹெக்டேர் நிலத்தைத் தேர்ந்து, ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள செடி முதல் பெருமரம் வரை ஏறத்தாழ இருபத்தையாயிரம் மரங்களுக்கு எண் கொடுத்துத் தொடர்ந்து கவனித்து வருகின்றனர். அங்கே தேக்கும் ஓர் எண். பெயரற்றுக் கிடந்த பலவகை மரமும் ஓர் எண். யானை முறித்த மரம் எது, தீயில் மாண்டது எது, பஞ்சத்தைத் தாங்கியது எது என்பதெல்லாம் அவ்வேட்டில் இருக்கிறது.

நாடு முழுவதற்குமான கணக்கு 1965இல் ஐக்கிய நாட்டு உணவு, வேளாண்மை நிறுவனத்தின் துணையோடு தொடங்கியது. தொழிற்சாலைகளுக்கு எவ்வளவு மரம் கிடைக்கும் என்பதே அப்போதைய கேள்வி. அம்முயற்சியே 1981இல் இந்திய வன அளவாய்வு நிறுவனமாயிற்று. தொழிற்சாலைக்காக அளந்த அதே நிலத்துண்டுகளின் அளவுகள் இன்று காற்றுமண்டலத்துக்காகக் கணக்கிடப்படுகின்றன. 2023ஆம் ஆண்டுக்குரிய அறிக்கையின்படி நம் நாட்டுக் காடுகளில் அடங்கிய கரி 728 கோடி டன்னுக்கு மேற்பட்டது. இது நிலத்துக்கு மேலுள்ளது மட்டும் அன்று. வேர், சருகு, பட்ட மரம், மண் ஆகியவற்றிலுள்ளதும் இதில் அடக்கம். 2015இல் பாரிஸ் உடன்படிக்கையை ஒட்டி, 2030க்குள் 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவுக்கு ஈடான கரியைக் கூடுதலான காடுகளிலும் மரங்களிலும் சேர்ப்போம் என்று இந்தியா உலகுக்கு வாக்களித்திருக்கிறது. வாக்கு டன்னில் கொடுக்கப்பட்டது. ஆகவே டன் கணக்கு பழுதற இருத்தல் வேண்டும். மரத்தைத் தவறாக நிறுப்பது, கொடுத்த வாக்கைத் தவறாக நிறுப்பதாகும்.

வானிலிருந்து அளக்கும் முயற்சியும் வந்துவிட்டது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2025 ஏப்ரல் 29ஆம் நாள் உயிர்த்திரளை அளப்பதற்கென்றே ஒரு செயற்கைக்கோளை ஏவியது. ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள அதன் ரேடார் அலைகள் இலைக்கூரையை ஊடுருவிக் கவடும் அடிமரமும் உள்ள இடம்வரை செல்கின்றன. அதே ஆண்டு ஜூலை 30ஆம் நாள் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து நிசார் என்னும் செயற்கைக்கோள் எழுந்தது. இந்தியாவும் அமெரிக்காவும் கூடிச் செய்தது அது. எனினும் நிசாரின் கணக்கு, ஹெக்டேருக்கு 100 டன்னுக்கு உட்பட்ட காடுகளில்தான் செவ்வையாக அமையும். அதனினும் அடர்ந்த மழைக்காட்டில் மரம் கூடினாலும் குறைந்தாலும் எதிரொலியில் வேற்றுமை தெரிவதில்லை. விண்ணிலிருந்து வரும் எண் மெய்யா என்று சோதிக்கவும், யாரேனும் ஒருவர் காட்டுக்குள் நடந்து சென்று நாடா பிடிக்கத்தான் வேண்டும். பிராண்டிஸின் மூங்கில் துண்டுக்கு இன்னும் வேலை ஓயவில்லை என்று கூறலாம்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டியது என்ன? அளவை எக்காலத்தும் அளப்பவனுடைய தேவையையே காட்டியிருக்கிறது. அரசன் அளந்தபோது அரச மரம் மட்டும் கணக்காயிற்று. கப்பல் கட்டுவோன் அளந்தபோது தேக்கு மட்டும் கணக்காயிற்று. இன்று உலகமே அளக்கிறது. நஞ்சு நிறைந்த காஞ்சிரத்துக்கும் தேக்குக்கு நிகரான வாய்பாடு கிடைத்திருக்கிறது. இது நீதியான மாற்றமே. ஆயினும் இதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். டன் ஒன்றையே கருதினால், விரைவில் பருக்கும் அயல்நாட்டு மரங்களை வரிசையாக நட்டுவிட்டுக் காடு வளர்த்தோம் என்று ஏட்டில் எழுதிவிடலாம். அகத்தியமலையிலிருந்து இறங்கி நெய்யாற்றின்கரையைக் கடந்து பூவாற்றில் கடலோடு கலக்கும் நெய்யாறு, அவ்வேட்டைப் பார்த்து ஓடுவதில்லை. மலையில் நிற்கும் பலவகை மரத்தின் வேரைப் பார்த்தே ஓடுகிறது. ஊற்றைக் காப்பதும், பறவைக்கு இடம் தருவதும், மருந்தாவதும் எடையில் அடங்கா. அரசனைக் காத்த அந்தப் பலாவின் பெருமை அதன் கட்டையில் இருந்ததா, பொந்தில் இருந்ததா என்று எண்ணிப் பாருங்கள்.

நேயர்களே! அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது துணி அளக்கும் நாடா ஒன்றைக் கொண்டு செல்லுங்கள். வீட்டு வளவிலோ கோயில் முற்றத்திலோ நிற்கும் பழைய மரத்தை நெஞ்சளவில் சுற்றி அளந்து, நாளும் அளவும் குறித்து வையுங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள். மரத்தின் பெயரை ஊர்ப் பெரியவரிடம் கேட்டுத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். எல்லைக்கு அப்பால் அதற்கு என்ன பெயர் என்றும் கேளுங்கள். சில ஆண்டு கழித்து மீண்டும் அதே இடத்தில் அளந்தால், நீங்கள் ஊரில் இல்லாத காலத்தில் அம்மரம் எவ்வளவு வளர்ந்தது என்பது தெரியும். பெயர் தெரிந்து, அளவும் தெரிந்த மரத்தை வெட்டுவதற்கு எவருக்கும் எளிதில் கை வராது.